ரத்தம் போதாது, வாயைக் காட்டச் சொல்

அன்புள்ள விஜி,

நலம். மாமியாரின் முழங்கால் தேவலையா? பெரியவனுக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அவன் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நீ புலம்புவதைப் படித்ததும் நம் மெஸ் ரசம்தான் ஞாபகம் வந்தது. நாம் பிழைக்கவில்லையா, அவனும் பிழைத்துக்கொள்வான்.

அண்ணனின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனில் பேசினால் குக்கர் விசில் அடிக்கிறது என்று பாதியில் ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம். அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

"ரத்தத்தில் கொழுப்பு குறைந்தால் வாய்ப்புற்றாம், பேப்பரில் வந்திருக்கு, அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் 126தான்" என்று பதறியிருக்கிறாய். அடுத்த பாராவிலேயே "நல்ல கொழுப்பு ஹெச்.டி.எல். நார்மல், அப்போ ஒண்ணுமில்லைதானே? ரத்தம் எத்தனை தடவை வேணும்னாலும் கொடுக்கிறார், வாயை மட்டும் டாக்டரிடம் காட்ட மாட்டேன்கிறார்" என்கிறாய். நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பச்சைமிளகாய் பட்டால் எரிகிறது, மூன்று வேளையும் மோர்சாதம்தான் என்று? என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த வரிதான்.

பேப்பர் செய்தி பொய்யில்லை. பல் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுக்காக அனுப்பும் ரத்தம் எங்கள் லேபுக்கும் வரும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான சீரத்தில் ரீஏஜென்ட் என்ற வேதிக் கரைசலை விட்டுச் சூட்டில் வைத்தால் ரோஜா நிறம் ஏறும். கொலஸ்ட்ரால் அதிகமென்றால் நிறம் அடர்த்தி, குறைவென்றால் வெளிறியிருக்கும். புற்று நோயாளிகளின் குழாய்கள் வரிசையாக வெளிறி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆமதாபாத்தில் குஜராத் புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான்: தலை, கழுத்துப் புற்று வந்தவர்களுக்கும், வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்தவர்களுக்கும் மொத்தக் கொலஸ்ட்ராலும் ஹெச்.டி.எல்.லும் மற்றவர்களைவிடக் குறைவு.

காரணமும் சொல்கிறார்கள். சுவர் எழுப்பச் செங்கல் வேண்டுவதுபோல், கண்மண் தெரியாமல் பெருகும் செல்லுக்குச் சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்குப் புகையிலையால் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, கண்டதையும் தாக்கும் மூலக்கூறுகள் கொழுப்பைச் சிதைக்கின்றன. அழகான விளக்கம்டி. எனக்கு இந்த ஆராய்ச்சியில் ஆசை உண்டு. சில நூறு ரூபாய் டெஸ்டில் கிராமத்து மனுஷருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அதை வைத்து அண்ணனைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. நூறு பேரின் சராசரி குறைவு என்பது வேறு, இந்த ஒருவருக்கு என்ன என்பது வேறு. இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். அதே ஆமதாபாத் ஆய்வில், புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கே கொழுப்பு குறைவாகத்தான் இருந்தது. வாய் எரிந்து சாப்பாடு இறங்காதவருக்கும் குறையும். அப்படியென்றால் குறைந்தது நோயாலா, பட்டினியாலா, புகையிலையாலா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரைப் பதினெட்டு வருஷம்வரை பின்தொடர்ந்து 2009இல் எழுதினார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்குப் பொதுவாகப் புற்று அதிகம் என்றுதான் முதலில் தெரிந்தது. ஆரம்ப வருஷங்களில் வந்த புற்றுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பே காணோம். உள்ளே ஏற்கெனவே இருந்த நோய்தான் எண்ணை இறக்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. போன வருஷம் நெஞ்சுவலி என்று போனபோது அண்ணனுக்கு ராத்திரியில் போடக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்களே, இன்னும் போடுகிறார்தானே? அப்புறம் 126 வராமல் என்ன வரும்! உன் பயத்துக்கு அந்த எண் காரணமும் இல்லை, உன் நிம்மதிக்கு அந்த ஹெச்.டி.எல். ஆதாரமும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லாதே. உன் வேகம் எனக்குத் தெரியும்.

விஜி, கணையத்தையோ ஈரலையோ கண்ணால் பார்க்க முடியாது. வாயைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் பக்கம் பதின்மூன்று பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு 1996இல் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கினார்கள். வீட்டுக்குப் போய் வாயைத் திறந்து பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிகள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், அப்படிப் பார்த்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல்! நம் நாட்டில் 2022இல் மட்டும் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் 1.4 லட்சம் பேர் என்று கணக்கு. அதில் எத்தனை பேர் வாயைக் காட்ட வெட்கப்பட்டே முற்றவிட்டார்களோ, நினைத்தால் ஆறவில்லை.

இன்றைக்கே செய். வாசல் வெளிச்சத்தில் அண்ணனை உட்காரவைத்து வாயை அகலத் திறக்கச் சொல். அவருடைய மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தினால் நுழைகிறதா பார். நுழையவில்லை என்றால் அவர் மெல்லும் பாக்கு உள்சதையை இறுக்க ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். வெள்ளையோ சிவப்போ திட்டு, ஆறாத புண், கழுத்தில் கட்டி இருக்கிறதா பார். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் எதையும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் எரிச்சல் இருப்பதால் கட்டாயம் வரவேண்டும். தேவைப்பட்டால் துளியூண்டு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்.

"புகையிலையை விட்டுட்டேனே, வெறும் வெற்றிலை சீவல்தானே" என்பார். சீவலே போதும். பாக்கு தன்னந்தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003லேயே முடிவு செய்துவிட்டது. கல்யாணப் பந்தி முடிந்ததும் தாம்பூலத் தட்டை முதலில் பிடிக்கும் மனுஷர், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றாகிவிடாது, பெரும்பாலும் ஆகாது. அதையும் சேர்த்துச் சொல், பயத்தில் ஒளிந்துகொள்ளப் போகிறார்.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறி இங்கே வந்துவிடுங்கள். எங்கள் கல்லூரி ஓ.பி.யில் வாய்நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், பொறுமையானவர். வெறும் வயிற்றோடு வரவேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டு வரட்டும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வா. மதியச் சாப்பாடு என் வீட்டில், காரமில்லாமல் சமைக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா

பி.கு.: நெட்டச்சி போன வாரம் வந்திருந்தாள். அதே சிரிப்பு, அதே கடன்.