முதல் நாள் மதிப்பெண் எதைச் சொல்லும்? நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஒலியை மின்துடிப்புகளாக்கி, உள்காதின் செவிச்சுருளில் வைத்த மின்முனைகள் வழியாகக் கேள்நரம்புக்கு அனுப்பும் கருவி) பயன்படுத்துவோருக்காக நீங்கள் உருவாக்கிவரும் இரைச்சல் குறைப்பு அல்காரிதம், இயல்பான செவித்திறன் உள்ள மாணவர்களிடம், அந்தக் கருவியில் ஒலி கேட்கும் விதத்தைப் பாவனை செய்யும் வோக்கோடர் வழியாக நடத்திய சோதனையில் நல்ல பலன் தந்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்ததாகக் கருவி அணிந்த சிலரை ஒரு பிற்பகலுக்கு அழைத்து, அவர்களுடைய பழைய முறையோடு உங்கள் முறையை ஒப்பிட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தப் பிற்பகல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம் சற்று நீள்கிறது.

வோக்கோடர் முடிவை நான் குறைத்துப் பேசவில்லை. 1995-இல் ராபர்ட் ஷானனும் அவருடைய குழுவினரும் பேச்சொலியை நான்கே அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தை மட்டும் இரைச்சலின் மேல் ஏற்றிக் கேட்க வைத்தபோது, அமைதியான சூழலில் கேட்டவர்கள் ஏறத்தாழ முழுவதையும் புரிந்துகொண்டார்கள். ஆனால் அலைவரிசைகளைக் கூட்டிக்கொண்டே போகும்போது பாவனைக்கும் உண்மையான கருவிக்கும் வழி பிரிந்துவிடுகிறது. 2001-இல் ஃப்ரீசன் குழுவினர் காட்டியபடி, இரைச்சலுக்கு நடுவே இயல்பான செவி உள்ளவர்கள் 20 அலைவரிசைகள் வரை முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். கருவி பயன்படுத்துவோரோ எட்டை ஒட்டிய இடத்திலேயே தேங்கிவிட்டார்கள். செவிச்சுருளில் நிறைந்திருக்கும் திரவம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், ஒரு மின்முனையில் விடும் மின்னோட்டம் அக்கம்பக்கத்து மின்முனைகளுக்கு உரிய நரம்பிழைகளையும் தூண்டிவிடுகிறது. 22 மின்முனைகள் இருந்தும் மூளைக்குத் தனித்தனியாகப் போய்ச் சேரும் செய்தி மிகக் குறைவு. இந்தக் கசிவை உங்கள் வோக்கோடரில் சேர்த்தீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. சேர்க்கவில்லை என்றால், மாணவர்கள் பெற்ற மதிப்பெண்ணில் எவ்வளவு கருவிக்குப் பொருந்தும் என்று கணிக்கவே முடியாது.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். பல ஆண்டுகளாக ஒரே முறையில் கேட்டு வந்தவருடைய மூளை, அந்த முறை தரும் குறைபட்ட செய்தியிலிருந்து சொற்களைத் தேற்றிக்கொள்ளப் பழகியிருக்கும். அந்த முறையைத் திடீரென்று மாற்றினால், புதியது எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் சிறிது காலம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். 1999-இல் ஸ்டூவர்ட் ரோசன் குழுவினர் இயல்பான செவி உள்ளவர்களுக்கு, மின்முனைகள் செவிச்சுருளில் ஆறரை மில்லிமீட்டர் விலகி அமைந்ததைப் போல ஒலியை மேல்நோக்கி நகர்த்திக் கேட்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வாக்கியங்களில் ஏறக்குறைய ஒன்றுமே புரியவில்லை. மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு சுமார் 30 விழுக்காடு சொற்கள் பிடிபட்டன. பயிற்சிக்கு முந்தைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், அந்த ஒலியைப் பயனற்றது என்றே எழுதி முடித்திருப்போம்.

இதற்கு நேர் எதிரான நிகழ்வும் உண்டு. 1991-இல் பிளேக் வில்சன் குழுவினர், மின்முனைகளுக்குத் துடிப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையை ஏழு பேரிடம் சோதித்தார்கள். ஏழு பேரும் பழைய முறையில் நன்கு ஊறியவர்கள். புதியதைக் கேட்டது சொற்ப நேரமே. அப்படியிருந்தும் ஏழு பேருமே முன்னேறினார்கள். பழக்கத்தின் பாரத்தையும் மீறி ஒரு முறை முதல் நாளிலேயே வென்றால் அதை வலுவான சான்றாக எடுத்துக்கொள்ளலாம். தோற்றாலோ, சமனாக முடிந்தாலோ, எந்த முடிவுக்கும் வர இயலாது. ஒரு பிற்பகலை வைத்து ஒரு முறையை ஏற்கலாம், நிராகரிக்கக் கூடாது. எத்தனை நல்ல யோசனைகள் இப்படி ஒரே நாளில் கைவிடப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

இங்கே நாங்கள் இப்போது இரு முறைகளையும், கருவியின் வெளியே அணியும் பகுதியான ஒரே பிராசஸரில் தனித்தனி புரோகிராம்களாக ஏற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். சில வாரங்கள் ஒன்று, சில வாரங்கள் மற்றொன்று, பிறகு மீண்டும் முதலாவது. எது புதியது என்பதைச் சொல்வதில்லை. பாதிப் பேருக்கு வரிசையையும் மாற்றிவிடுகிறோம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒலியளவில் கண்டிப்பாக இருங்கள். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சோதனை அறையில் புதிய புரோகிராமைக் கேட்டவுடன், "இது தெளிவாக இருக்கிறது" என்று மகிழ்ந்தார். மின்னோட்ட அளவுகளைச் சரிபார்த்தபோது அந்தப் புதிய புரோகிராம் சற்று உரக்க ஒலித்தது தெரிந்தது. இரண்டையும் சமப்படுத்தியபின் அவருக்கு வேறுபாடே தெரியவில்லை. விருப்பத்தைக் கேட்பதற்கு முன்பே ஒலியளவைச் சமப்படுத்திவிட வேண்டும்.

ஒவ்வொரு சரியான விடைக்கும் இரைச்சலைக் கூட்டி, தவறுக்குக் குறைத்து, பாதி புரியும் எல்லையைக் கண்டுபிடிக்கும் சோதனையை நீங்கள் பயன்படுத்த எண்ணியிருப்பதும் நல்லதே. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அமைதியில் திறமையாகக் கேட்பவரை அந்தச் சோதனை பேச்சும் இரைச்சலும் சமமாகும் இடத்துக்கு இழுத்துச் செல்லும். தடுமாறுபவரைப் பேச்சு பத்து டெசிபெல் மேலே நிற்கும் இடத்திலேயே நிறுத்திவிடும். உங்கள் அல்காரிதம் இவ்விரு இடங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதால், இருவரும் உண்மையில் வெவ்வேறு கருவிகளைச் சோதித்தவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் நிலையான இரண்டு மூன்று இரைச்சல் அளவுகளிலும் தனியாக அளந்துகொள்ளுங்கள். சீரான இரைச்சலோடு நிறுத்திவிடாமல், பலர் பேசும் சலசலப்பையும் சேருங்கள்; கருவி அணிந்தவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். ஒருமுறை கேட்ட வாக்கியப் பட்டியலை அவருக்கே மறுபடி கொடுக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய தலையிலும் இணைப்பதற்கு முன், உங்கள் மென்பொருளின் வெளியீட்டை சோதனைக்கான மாதிரி இம்ப்ளாண்டில் செலுத்தி, மின்னலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பின் நேர், எதிர் மின்னோட்டப் பாதிகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். எந்த மின்முனையும் அவரவர் மேப்பில் (ஒவ்வொருவருக்கும் ஏற்ற மின்னோட்ட அளவுகளின் பதிவு) குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. இதில் அவசரம் காட்டுபவர்களோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

அதே பதிவுகளிலிருந்து, எந்த மின்முனை எப்போது துடிக்கிறது என்பதைக் காட்டும் படங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். 'அபா, அதா, அகா' ஆகியவற்றோடு 'அசா', 'அஷா' இரண்டும் அதில் இருக்கட்டும். 'ச', 'ஷ' போன்ற உரசொலிகள் இயல்பிலேயே இரைச்சலைப் போன்றவை. உங்கள் அல்காரிதம் அவற்றையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறதோ என்பதே இப்போதைக்கு என் பெரிய கவலை. வெட்டுகிறது என்றால், அதைச் சரிசெய்த பிறகு ஆட்களை அழைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்