அலை இழுப்பதில்லை, ஓட்டம்தான் இழுக்கிறது

கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கும் நாளிதழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘ராட்சத அலை இழுத்துச் சென்றது.’ கடலில் குளிக்கப் போனவர்கள் இறந்தால் இதுதான் தலைப்பு. உடைந்த அலை ஆளைக் கரைப்பக்கம்தான் தள்ளும். உள்ளே கொண்டுபோவது, அலைகள் கொண்டுவந்து கொட்டிய நீர் கடலுக்குத் திரும்பும் ஓட்டம். ரிப் கரண்ட் என்பது அதைத்தான். மீனவர்களைக் கேட்டால், ‘அங்க நீவாடு இழுக்கும், எறங்காதீங்க’ என்று (நீவாடு என்பது அவர்கள் மொழியில் நீரோட்டம்) இடத்தையே விரல் நீட்டிக் காட்டுவார்கள். அலைக்கு இடம் சொல்ல முடியாது, ஓட்டத்துக்குச் சொல்லலாம். எங்கள் சச்சரவெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில்தான்.

கரைக்குச் சற்றுத் தள்ளி, கரைக்கு இணையாக மணல்திட்டு கிடக்கும். ஒன்றரை மீட்டர் அலை அதன்மேல் உடையும்போது, திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சாண் உயரும். திட்டில் எங்கோ ஓர் உடைப்பு இருக்கும். அங்கே ஆழம் அதிகம், அலை அவ்வளவாக உடையாது, மட்டமும் அந்த அளவு ஏறாது. மேட்டு நீர் பள்ளத்துக்கு ஓடுவது போலத்தான்: இருபுறத்து நீரும் பக்கவாட்டில் உடைப்பை நோக்கி வந்து, அந்த வாய்க்கால் வழியே கடலுக்குள் பாயும். வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை முதல் ஒரு மீட்டர். சில வேளை 2 மீட்டரையும் தாண்டும், அது 100 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனையாளர் போகும் வேகம். கடல்மட்டம் இறங்கும் நீர்வற்றத்தின்போது திட்டின்மேல் ஆழம் குறைவதால், திரும்பும் நீர் வாய்க்காலுக்குள்ளேயே ஒடுங்கி இழுப்பு கூடும்.

கொடுமை என்னவென்றால், அந்த இடம் பார்க்கச் சாதுவாக இருக்கும். இருபக்கமும் வெள்ளை நுரை, நடுவே கருத்த, அமைதியான பட்டை. குழந்தையோடு வருபவர்கள் நுரை இல்லாத இடமாகத் தேடி அங்கேதான் இறங்குகிறார்கள்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் புயல்களில் பிறந்து இங்கே வரும் நீள் அலைகளைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 18 நொடிக்கு ஒன்றாக வரும் அலைத்திரளின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும். 6,000 கி.மீ. கடந்து குமரி வர ஐந்து நாள். அதனால்தான் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இங்கோ காற்றிருக்காது, வானம் வெளுத்திருக்கும். அலைகள் கொத்துக் கொத்தாக வரும், இடையில் சில நிமிடம் கடல் அடங்கும். அந்த இடைவெளியை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். இறங்குமுன் பத்து நிமிடமாவது நின்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோரமாக வரும் ஓட்டம் கல்லில் முட்டி, அதை ஒட்டியே கடலுக்குத் திரும்பும். திட்டு உடைப்பு இடம் மாறும், இது மாறாது. நிரந்தரப் பலகை வைக்கத் தகுந்த இடம் இதுதான். நம் பலகைகளோ வாகன நிறுத்தத்தில் நிற்கின்றன.

ஓட்டத்தை அளக்கப் பெரிய செலவில்லை. ஒரு முழ நீள பிவிசி குழாய், இருமுனையும் அடைத்தது. அடியில் தட்டு ஒன்றும், நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு எடையும். மேல்முனையில் நீர்புகா உறைக்குள் நொடிக்கொரு முறை பதியும் ஜிபிஎஸ். அந்தத் தட்டை விட்டுவிடாதீர்கள். தட்டில்லாத மிதவையை உடையும் அலை சறுக்கிக் கரையில் போட்டுவிடும், ‘இங்கே இழுப்பே இல்லை’ என்று அறிக்கை வரும். காலி பாட்டிலை மிதக்கவிட்டால் காற்றின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு மிதவையாவது விடுங்கள். நீரில் இறங்கி விடுபவர் மிதவை உடுப்புடன், உள்ளூர் மீனவர் துணையோடு இருக்கட்டும்.

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் இப்படி விட்ட மிதவைகளில் பெரும்பாலானவை ஆழ்கடலுக்குப் போகவில்லை, சுழன்று திட்டின்மேலேயே திரும்பின. ஆகவே ‘கரைக்கு இணையாக நீந்து’ என்ற ஒற்றை அறிவுரை போதாது, தவறான பக்கம் நீந்தினால் பக்கவாட்டு ஓட்டமே எதிர்க்கும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதே, மல்லாந்து மித, கையை உயர்த்து, நுரை தெரியும் பக்கம் நகரு. பலகையில் இந்த நான்கும் இருக்கட்டும். ஓட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது என்பதையும் சேருங்கள். பீதியில் களைத்துத்தான் பலர் மூழ்குகிறார்கள்.

ஆட்சியர்களே, தினமும் நீர்வற்ற நேரத்தில் கரையில் நடந்து, கருத்த பட்டையின் இருபுறமும் சிவப்புத் துணி கட்டிய இரண்டு மூங்கில்களை நட ஆள் போடுங்கள். வாய்க்கால் நகர்ந்தால் மூங்கிலும் நகரட்டும்.

ஆசிரியர்களே, அடுத்த செய்தியில் ‘ராட்சத அலை’யை அடித்துவிட்டு, எந்த இடம், தூண்டில் வளைவிலிருந்து எத்தனை அடி, நீர்வற்றமா ஏற்றமா, அன்று எச்சரிக்கை இருந்ததா என்று நிருபரைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கரையோர நீரோட்டங்களை ஆராய்வோர்