கேபிள் அறுந்தாலும் வார்டு ஓட வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

பசிபிக் தீவு நாடான டோங்காவின் மருத்துவமனைகளின் நெட்வொர்க்கைச் சீரமைக்கும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது. நீ அனுப்பிய நெட்வொர்க் வரைவை அன்று இரவே பார்த்துவிட்டேன். மனதில் பட்டதை எழுதுகிறேன்.

வவாவு, ஹாப்பாய், எயுவா மூன்று தீவுகளிலிருந்தும் இணைப்புகளைத் தலைநகரின் வைஓலா மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அங்கேயே ஒரு சர்வரில் வைத்திருக்கிறாய். பராமரிக்க அதுதான் சுலபம். ஆனால் 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்தபோது பிஜியிலிருந்து வரும் கடலடி கேபிளும் தீவுகளுக்கு இடையே ஓடும் கேபிளும் சேர்ந்தே அறுந்தன. பிஜி கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. உன் வரைபடம் நம்பியிருக்கும் உள்நாட்டுக் கேபிள் திரும்ப வர ஏறக்குறைய ஒன்றரை வருஷம்! அத்தனை நாளும் வவாவு டாக்டர் நோயாளியின் பழைய பதிவை எப்படிப் பார்ப்பார்?

அதனால் ஒவ்வொரு தீவிலும் சின்னதாக ஒரு சர்வர் வை. பதிவும் ஆய்வக முடிவும் முதலில் அங்கேயே சேரட்டும், இணைப்பு இருக்கும்போது தலைநகருக்குப் போகட்டும். சமோவாவில் பயன்படுத்தும் தமானு என்ற நோயாளிப் பதிவு மென்பொருள் இப்படி இணைப்பு இல்லாமலும் ஓடும்படி எழுதப்பட்டதுதான். செயற்கைக்கோள் இருக்கிறதே என்பாய். சரி, மாற்று வழியாக அது கட்டாயம் வேண்டும். ஆனால் 200 எம்பி ஸ்கேன் ஒன்றை 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) இணைப்பில் அனுப்பினால் 13 நிமிஷத்துக்கு மேல் ஆகும். நெருக்கடி நேரத்தில் எது முதலில் போக வேண்டும் என்பதை டாக்டர்களோடு உட்கார்ந்து இப்போதே முடிவு செய்.

அப்புறம், நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு நாள் நெட்வொர்க் விழுந்தது. கணினி போனதைவிட பார்கோடு ஸ்டிக்கர் வராமல் போனதுதான் பெரிய பாடாகிவிட்டது. நர்ஸ் ஒருவர் ரத்தக் குழாய் ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றி, படுக்கை எண்ணையும் பெயரையும் பேனாவால் எழுதி அனுப்பினார். மதியம் ஒரு நோயாளியைப் படுக்கை மாற்றினார்கள். எந்தக் குழாய் யாருடையது என்று ஆய்வகத்தில் குழம்பிவிட்டார்கள். ஆகவே முன்கூட்டியே எண் அச்சிட்ட ஸ்டிக்கர்களும் காகிதப் படிவமும் ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டும். உன் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, சேர்த்துவிடு.

2025 ஜூனில் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கி டோங்காவின் சுகாதாரத் தகவல் அமைப்பே முடங்கியது உனக்குத் தெரிந்திருக்கும். ஊழியர்கள் கையெழுத்துப் பதிவுக்குத் திரும்பினார்கள், உதவிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நிபுணர்கள் வர வேண்டியிருந்தது. ஒரு லட்சம் பேர் வாழும் நாட்டில் இதற்கென்று தனிப்படை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வடிவமைப்பிலேயே தடுப்பு இருக்க வேண்டும். ஆய்வகக் கருவி, எக்ஸ்ரே, அலுவலகக் கணினி, பார்வையாளர் வைஃபை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலேன், அதாவது ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி. காப்புப் பிரதி ஒன்றாவது நெட்வொர்க்கில் மாட்டாமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்க ஓர் ஆளின் பெயரையே எழுதி வை. வெளியிலிருந்து வந்த குழு கிளம்பியபின் அதைச் செய்யப்போவது அங்கேயே இருக்கும் அந்த ஆள்தான்.

சர்வர் அறை தரைத்தளத்தில் வேண்டவே வேண்டாம். தலைநகர் நுகுஅலோஃபா கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே இருக்கிறது. 2022இல் எரிமலைச் சாம்பலும் கொட்டியது. ஈரம் பட்டால் அது மின்சாரம் கடத்தும், விசிறி வழியாக உள்ளே இழுத்தால் போர்டு போய்விடும். சர்வர் வைக்கும் ரேக்குக்குக் காற்று வடிகட்டி போடு, உப்புக்காற்றுக்கு அதுவும் நல்லது.

ஆய்வகக் கருவிகளின் பட்டியலை அனுப்பு. எவை பழைய விண்டோஸில் ஓடுகின்றன என்று தெரிந்தால்தான் விலேன் பிரிப்பதைப் பற்றி உருப்படியாகப் பேச முடியும். ஞாயிறு காலை போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்