உயர்நிலை மூன்றின் வேதியியலைத் தேர்வுத்தாளிலிருந்து தொடங்க வேண்டாம்: துணைப்பாட வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் வாரயிறுதிகளில் நம் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடத்திவரும் சமூக அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அவ்வகுப்புகளில் வேதியியல் கற்பிக்கும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

உங்களுள் ஒருவனாக வகுப்பில் நிற்பவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். உயர்நிலை மூன்றில் வேதியியலைத் தொடங்கும் மாணவர்களுக்கு, ஆண்டின் முதல் நான்கு வகுப்புகளில் பழைய தேர்வுத்தாள் எதையும் கொடுக்காதீர்கள். அந்த நேரம் முழுவதையும் துகள், வாய்பாடு, சமன்பாடு, மோல் (துகள்களை எண்ணும் அலகு) ஆகியவற்றுக்கே ஒதுக்குங்கள்.

பழைய தேர்வுத்தாளிலிருந்தே தொடங்கும் இப்போதைய முறை எப்படி வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வாரத்திற்கு ஓரிரு மணி நேரமே கிடைக்கிறது. பெற்றோர் கேட்பதும் எத்தனை தாள் முடித்தீர்கள் என்பதைத்தான். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் 2027இல் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாகப் புதிய சான்றிதழ்த் தேர்வை எழுதவிருப்பதால், பதற்றமும் கூடியிருக்கிறது. பதற்றம் கூடும்போது ஒளிநகல் கட்டுகளும் தடிக்கின்றன. ஆனால் நிறையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் நிறையால், வகுக்கத் தெரிந்த பிள்ளை, தான் எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே வகுத்துக்கொண்டிருக்கிறது.

ஐயமிருந்தால் உப்பு நீரை வரையச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, சோடியத்தையும் குளோரினையும் ஒட்டிய இரட்டை வட்டங்களாக்கி நீர் முழுவதும் மிதக்கவிட்டாள். அயனிப் பிணைப்பின் (மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பின்) விளக்கத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவள் அவள். உப்பில் மூலக்கூறே கிடையாது, திண்மத்தில் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன, நீரில் கரையும்போது அவை பிரிந்து தனித்தனியே நகர்கின்றன என்று படத்தைத் திருத்தி வரைந்த பிறகு, திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாததற்கும் உப்பு நீர் கடத்துவதற்கும் அவளே காரணம் சொன்னாள். அடுத்துச் சர்க்கரை நீரை வரையச் சொன்னேன். சற்று யோசித்து, மூலக்கூறுகளை உடைக்காமல் முழுதாகவே மிதக்கவிட்டு, 'இது கடத்தாது சார்' என்றாள். இந்த இரண்டு படங்களுக்காக ஒரு வகுப்பே போனாலும் அது வீணான நேரம் அன்று.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரின் தயாரிப்பில் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (அழுத்தம் கொடுத்து நீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே தள்ளுதல்), புறஊதாக் கதிர் எனப் படிகள் உண்டு என்பதைப் பிள்ளைகள் தொடக்கநிலையிலேயே கேட்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: முதல் வடிகட்டியில் தங்காத அயனிகள் அடுத்த சவ்வில் ஏன் தங்குகின்றன? இதில் நீர் மூலக்கூறு எங்காவது உடைகிறதா? உடையவில்லை, கலந்திருந்தவை பிரிகின்றன, அவ்வளவே. நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டுமானால் மின்னாற்பகுப்பு தேவை. அங்குதான் பிணைப்புகள் அறுபடுகின்றன.

சமன்பாட்டைச் சமன்செய்வதில் ஒரே ஒரு பழக்கத்தைத் தடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆக்சிஜன் எண்ணிக்கை குறைகிறது என்று நீரின் வாய்பாட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கீழே இரண்டு போட்டுவிடுகிறார்கள். அப்போது அது நீர் அன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ணை வாய்பாட்டுக்கு முன்னால்தான் மாற்றலாம்; உள்ளே கை வைத்தால் பொருளே மாறிவிடும்.

மோலுக்குத்தான் அதிக நேரம் வேண்டும். ஒரு மோல் என்பது ஏறத்தாழ 6.02 × 10²³ துகள்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தால் அந்த எண் பிள்ளைகளை மிரட்டுவதோடு சரி. வங்கியில் நாணயங்களை எடைபோட்டு எண்ணுவதுபோல, எண்ண முடியாதவற்றை நிறையைக் கொண்டு எண்ணுகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். 18 கிராம் நீரைத் தராசில் வைத்துக் காட்டுங்கள். அவர்கள் கண்முன் ஒரு மோல் நீர் இருக்கும்.

பிறகு ஒரு சோதனை. 84 என்ற மோலார் நிறை கொண்ட ஆப்ப சோடாவில் 4.2 கிராமை எடுத்தால் அது 0.05 மோல். கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டு வினிகரில் 60 மில்லிலிட்டரில் சுமார் 3 கிராம் எத்தனாயிக் அமிலம் இருக்கும். அதன் மோலார் நிறை 60 என்பதால் அதுவும் 0.05 மோல். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வினைபுரிவதால் 0.05 மோல் கார்பன் டை ஆக்சைடு வர வேண்டும். அறை வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு மோல் வாயுவின் கன அளவு 24 லிட்டர் என்று நம் பாடத்திட்டம் கொள்கிறது. ஆகவே கிடைக்க வேண்டியது 1.2 லிட்டர். வினிகரைப் புட்டியில் ஊற்றி, சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பலூனைப் புட்டியின் வாயில் மாட்டிக் கவிழ்த்தால், ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் விட்டத்துக்குப் பலூன் உப்ப வேண்டும். அளக்கும்போது சற்றுக் குறைவாகவே வரும். ஏன் குறைந்தது என்பதை அவர்களே பேசட்டும்: கொஞ்சம் வாயு நீரில் கரைந்திருக்கும், பலூனின் இறுக்கம் அதை அமுக்கியிருக்கும், வாய்ப்பகுதியில் கசிந்தும் இருக்கலாம். கணக்குப் புத்தகத்தில் விடை சரியா தவறா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது; இங்கே அது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வினிகர் வெளியே இருக்கும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுங்கள். துணி வெளுக்கும் திரவத்தோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய கழிப்பறையில் அது விளையாட்டன்று.

நேரமிருந்தால் குளோரினின் அணு நிறை ஏன் 35.5 என்றும் கேளுங்கள். அரை நியூட்ரான் எப்படி இருக்க முடியும் என்று ஒருவராவது திகைக்க வேண்டும். ஏறத்தாழ நான்கில் மூன்று அணுக்களின் நிறையெண் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) 35, ஒன்றின் நிறையெண் 37; சராசரி 35.5. திகைப்பு வராமல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஐசோடோப்பு (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்கள்) இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

பொறுப்பாளர்களிடம் நான் கேட்பவை சிறியவை. ஒவ்வொரு வகுப்புக்கும் 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சமையலறைத் தராசு, பாதுகாப்புக் கண்ணாடிகள், சமூக மன்ற அறைகளை நாம் பயன்படுத்தும் இடங்களில் இத்தகைய எளிய சோதனைக்கு முன்கூட்டியே பெற்ற அனுமதி ஆகியவை போதும். முதல் மாதத்தில் தாள் எண்ணிக்கையைக் கேட்டுத் தொண்டூழியர்களை நெருக்காமல், பெற்றோர் கேட்டால் காரணத்தையும் நீங்களே விளக்கிவிட வேண்டும். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், நவம்பர் இறுதிக்குள் முடிவைத் தெரிவித்தால் டிசம்பர் விடுமுறையில் புதிய தொண்டூழியர்களுக்கு இச்சோதனைகளைச் செய்துகாட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் தொண்டூழியர் ஒருவர்,
சிங்கப்பூர்