ஒரு மாதம் கழித்தும் உடனிருக்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

விபத்து, வெள்ளம், வீட்டுக்குள் வன்முறை, பெற்றோரின் சாவு என்று ஏதாவது நடந்த முதல் வாரம், பிள்ளைகளுக்கு உதவ நிறையப் பேர் வருகிறார்கள். உடையும் பொம்மையும் குவிகின்றன. ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (நடந்து முடிந்த பின்னும் அதன் பயம் மனதைவிட்டுப் போகாத நிலை) என்று மருத்துவர் உறுதிசெய்ய, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அதற்குள் வந்தவர்கள் போய்விடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு உளவியல் சிகிச்சை தரும் எங்கள் திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

சின்னப் பிள்ளை, "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லாது. இரண்டு பொம்மைக் கார்களை மோதவிடும், நேராக்கி வைக்கும், மறுபடி மோதவிடும். முகத்தில் சிரிப்பு இருக்காது. வளர்ந்த பிள்ளைக்கோ கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். பாடத்தில் மனம் நிற்காது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழும். வகுப்பில் அவனுக்கு 'அடங்காதவன்' என்று பெயர். கவனக்குறைவுக் கோளாறு என்று தவறாகக் கணிப்பதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடே 6 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இந்நோயின் தனி அளவுகோலை 2013-ல்தான் சேர்த்தது. அதனால் பிள்ளையிடம் தனியாக, வீட்டாரிடம் தனியாக, நிதானமாகக் கேட்கத் தெரிந்த உளவியலாளர் வேண்டும்.

அதிர்ச்சிக்கென்றே வகுத்த பேச்சுவழிச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். பெற்றோரோ வளர்ப்பவரோ கூடவே வர வேண்டும். பாதியில் கைவிடக் கூடாது என்பதால், 16 அமர்வுக்கும் பணம் கையில் இருந்தால்தான் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். காத்திருப்போர் பட்டியல் நீளும். தெரிந்தே எடுத்த முடிவு.

மீண்டெழும் திறன் பிறவிக் குணம் என்று நாங்கள் நம்பவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரின் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் இடர்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, விட்டுப்போகாத ஒரு பெரியவர்: பாட்டியோ ஆசிரியரோ, யாரோ ஒருவர். ஆகவே நிதியில் ஒரு பங்கு ஆசிரியர் பயிற்சிக்கு. ஒருநாள் தன்னம்பிக்கை முகாம் நடத்தச் சொல்லிக் கேட்கிறார்கள், நடத்தமாட்டோம்.

மீதிப் பணம் உளவியலாளர் சம்பளத்துக்கும், கூட வருபவரின் பயணச் செலவுக்கும். கட்டடம் இல்லை, கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கு அனுப்புவோம். பிள்ளைகளின் படம் மட்டும் கேட்காதீர்கள்.

மொத்தமாகத் தருவதைவிட, சிறு தொகையானாலும் ஓராண்டுக்கு மாதாமாதம் தருவது எங்களுக்குப் பெரிய உதவி. பொருளாளரிடம் தெரிவித்தால் ரசீது கிடைக்கும்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்