பீர் ஆலைக்குள் போனால் மூக்குக்கும் வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் பிராங்பர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகும் கரூர் நண்பர்கள், வேலை முடிந்ததும் ஜெர்மன் பீர் ஆலை ஒன்றைப் பார்க்க நினைத்தால் ஒரு வேண்டுகோள்: ஆலையை ஓட்டமாகக் கடந்து சுவைக்கும் அறைக்குப் போய்விடாதீர்கள். நாக்குக்குப் படுவதெல்லாம் உள்ளேதான் முடிவாகிறது.

மால்ட் என்பது நாம் ராகியை முளைகட்டிக் காயவைப்பது போலத்தான், அங்கே பார்லி. அரைத்த மால்ட் வெந்நீரில் ஊறும் தொட்டியருகே சூடு எத்தனை என்று கேளுங்கள். 62–65 டிகிரியில் நெடுநேரம் ஊறினால் ஈஸ்ட் தின்னும் சர்க்கரை மிகுந்து, பீரில் இனிப்பு தங்காது. 72 டிகிரிப் பக்கம் போனால் ஈஸ்ட் தின்னாத மாச்சத்து மிஞ்சி வாயில் கனம் கூடும். அடுத்து அந்தச் சாற்றில், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து 60 முதல் 90 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதி போதாவிட்டால் வேகவைத்த மக்காச்சோள வாடை. ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் குளிர்வித்தால் வெண்ணெய் வாடை. காற்றுப் பட்டுப் பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பேக்கிங் செக்‌ஷனில் நின்றவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

நொதிக்கும் திறந்த தொட்டிக்குள் மட்டும் தலையை நீட்டாதீர்கள். நுரைக்கு மேல் கரியமில வாயு தேங்கியிருக்கும், ஆபத்து.

சுவைக்கும்போது ஹெல்லஸ், பில்ஸ் என்ற வெளிர் நிற பீர்கள் முதலில். பிறகு கோதுமை பீர். அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். எதுவும் சேர்த்ததல்ல, ஈஸ்ட் தருவது. அதன்பின் கறுப்பு வகை, 7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள டாப்பல்பாக் என்ற கடும் பீர். பாம்பெர்க் நகரின் புகை பீர் கடைசிதான். பீச் மர விறகுப் புகையில் உலர்த்திய மால்ட் அது; அதற்குப் பின் எதைக் குடித்தாலும் புகைதான் தெரியும். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும். ஹெல்லஸுக்கு 7 டிகிரி போதும். கண்ணாடியின் உட்புறம் குமிழிகள் ஒட்டி நின்றால் தம்ளரில் எண்ணெயோ அழுக்கோ இருக்கிறது, மாற்றிக் கேளுங்கள்.

வகைக்கு 100 மில்லி போதும். மியூனிக்கின் ஒரு லிட்டர் கோப்பையில் தொடங்குவது தவறு என்பேன். கொலோனில் 0.2 லிட்டர் தம்ளர் காலியானதும் அடுத்தது தானாக வரும். போதுமென்றால் தம்ளருக்கு அடியில் இருக்கும் அட்டையைத் தம்ளர் மேல் வைத்துவிட வேண்டும்.

ஐந்து வகை சுவைத்தாலே அரை லிட்டர், சுமார் 20 கிராம் ஆல்கஹால். வாடகைக் கார் எடுத்திருந்தால் ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடச் சுவைக்கக் கூடாது. ரயிலில் போவதே நல்லது. பிராங்பர்ட்டிலிருந்து கொலோனுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

இப்படிக்கு,
வாசகர், கரூர்