பெயர் சொல்ல வேண்டாம் என்ற அக்காவுக்கு

அக்கா, பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். மூதூரில் தமிழில் ஏ.எல். படித்துவிட்டுக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துக்கு வந்தால், கொம்பியூட்டர் விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதல் மாதம் பார்த்து எழுதினேனே தவிர ஒன்றும் விளங்கவில்லை. நிலாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்து என் கொப்பியை வாங்கிப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் உங்கள் வீட்டு விறாந்தையில் பாடம், கூடவே பிளேன்ரீயும் பனங்கட்டியும். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கான வருமானச் சான்றுக்குக் கிராம சேவகரிடம் போக வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

வேலைக்கு சீ.வி. (சுயவிவரம்) எழுதியபோது, அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கேட்டீர்கள்: "அப்பாவின் மீன் வாடியில் நாலு வருஷம் கணக்கு எழுதினாயே, அது என்ன?" நேர்முகப் பரீட்சையில் முதலில் கேட்டதே அந்த வரியைப் பற்றித்தான், அக்கா. பத்து நிமிஷம் தடுமாறாமல் பேசினேன்.

வேலை கிடைத்துவிட்டது. அப்பா உங்களுக்கென்று பாரை மீன் எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஞாயிறு கொண்டு வருகிறேன்.